டிரம் செட்டில் உங்களுக்கென்று ஒரு ‘கிரூவ்’: எங்கே தேடுவது, எப்படி உருவாக்குவது?

டிரம்ஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆகிவிட்டது. கிரேட் தேர்வுப் பாடல்கள் கைக்கு வந்துவிட்டன. யூடியூப் பார்த்து நாலு ஃபில் கூட அடிக்க முடிகிறது. ஆனால் நண்பர்களோடு ஜாமிங் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, கிட்டார் வாசிப்பவர் புதிதாக ஒன்றைத் தொடங்கி, “ஏதாவது வாசிடா” என்று சொன்னால்? மறுபடியும் அதே பழைய பீட்தான் வருகிறது.

இது உங்கள் கதை என்றால் கவலைப்படாதீங்க. டிரம்மர்கள் பெரும்பாலோர் இந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். சொந்தமாக கிரூவ் உருவாக்குவது பிறவியிலேயே வரும் வரம் கிடையாது. அதற்கு வழிமுறைகள் இருக்கின்றன. பினாங்கில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அதற்கான மூலப்பொருள் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

கிரூவ் என்றால் என்ன?

பீட் என்பது எந்த அடி எங்கே விழுகிறது என்ற கணக்கு. கிரூவ் என்பது அந்தக் கணக்கு உடம்பை ஆட வைக்கும் விதம். ஒரே பீட்டை இரண்டு பேர் வாசித்தால், ஒருவர் வாசிக்கும்போது தலை தானாக ஆடும். இன்னொருவர் வாசிக்கும்போது ஆடாது. காரணம் மூன்று: அடிகளின் நேரம், அவற்றுக்கு இடையிலான சத்த வித்தியாசம், நடுவில் விடும் இடைவெளி.

ஃபில் என்பது பாட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வரும் சின்ன அலங்காரம். மூன்று நிமிடப் பாட்டில் ஃபில் எல்லாம் சேர்த்தாலும் பல நேரம் அரை நிமிடம்கூட வராது. மீதி நேரம் முழுக்க கிரூவ்தான். ஆனால் நம்மில் பலர் பயிற்சி நேரத்தை அப்படியே தலைகீழாகச் செலவிடுகிறோம்.

நல்ல கிரூவ் எங்கிருந்து வருகிறது?

ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1969-இல் பதிவாகி 1970-இல் வெளிவந்தது. அதில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் முறையாக வகுப்புக்குப் போய்க் கற்றவர் அல்ல. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் வளர்ந்தவர். அங்கே கேட்ட தொழிற்சாலை இயந்திரங்கள், ரயில் ஓட்டம் ஆகியவற்றின் தாளம்தான் தன் வாசிப்புக்கு அடிப்படை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு உதாரணம், 1982-இல் டோட்டோ குழு வெளியிட்ட ‘ரோசானா’. அதன் டிரம்மர் ஜெஃப் போர்காரோ மூன்று பொருட்களைக் கலந்தார்: பர்னார்ட் பர்டி பிரபலப்படுத்திய ஹாஃப்-டைம் ஷஃபிள், லெட் செப்பலின் குழுவின் ஜான் பொன்ஹம் ‘ஃபூல் இன் தி ரெயின்’ பாட்டில் வாசித்த முறை, காலில் போ டிட்லியின் பழைய தாளம். எங்கிருந்து எதை எடுத்தேன் என்பதை அவரே ஒரு பயிற்சி வீடியோவில் வெளிப்படையாக விளக்கினார்.

இந்த இரண்டு பேரும் வெறும் காற்றிலிருந்து எதையும் உருவாக்கவில்லை. ஒருவர் தன் ஊரைக் கேட்டார். இன்னொருவர் முன்னோடிகளைக் கேட்டு, பிரித்து, மறுபடி கோர்த்தார். உங்களுக்கும் இந்த இரண்டு வழிதான்.

நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள்?

மலேசியாவில் இதைப் பேசினால் லூயிஸ் பிரகாசம் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1970-களின் இறுதியில் ‘ஆசியாபீட்’ குழுவைத் தொடங்கிய டிரம்மர் அவர். மேற்கத்திய டிரம் செட்டோடு மலாய், சீன, இந்தியத் தாள வாத்தியங்களை ஒரே மேடையில் உட்கார வைத்தார். ஷாகுஹாச்சி என்னும் ஜப்பானிய மூங்கில் குழல் வாசிக்கும் ஜான் கைசான் நெப்டியூனும் ஆசியாபீட்டோடு இணைந்து இசைத்திருக்கிறார். மலேசியாவில் இருந்துகொண்டே மலேசியாவின் சத்தத்தை டிரம் செட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அவர் ஓர் அத்தாட்சி.

சென்னையில் டிரம்ஸ் சிவமணி. அப்பா எஸ்.எம். ஆனந்தனும் தாளக் கலைஞர்தான். தண்ணீர் கேன், சூட்கேஸ், பாத்திரம் என்று கைக்குக் கிடைக்கும் எதையும் சிவமணி வாத்தியமாக்கிவிடுவார். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மும்பையில் பிறந்த திரிலோக் குர்து தபேலா கற்றவர். மேற்கத்திய டிரம்களையும் தபேலாவையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு செட்டையே அமைத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்களும் உண்டு. ‘ஜர்னி’ ராக் குழுவில் வாசித்த அமெரிக்க டிரம்மர் ஸ்டீவ் ஸ்மித், நம்முடைய கொன்னக்கோலைக் கற்று மேடையிலும் சொல்கிறார். அவர் கடல் தாண்டி வந்து தேடிய பொருள், உங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் இருக்கலாம்.

பினாங்கில் எதைக் கேட்பது?

முதலில் தைப்பூசம். ரதங்கள் லிட்டில் இந்தியா பகுதியிலிருந்து தண்ணீர்மலையை நோக்கிப் போகும் அந்த நாட்களில், காவடிகளோடு உறுமி மேளக் குழுக்கள் நடக்கும். அடுத்த முறை ஃபோனில் வீடியோ எடுப்பதோடு நிறுத்தாதீங்க. பத்து நிமிடம் ஒரே குழுவின் பின்னால் நடந்து கேளுங்கள். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் சத்தம் எந்த இடத்தில் வருகிறது? மற்ற மேளங்கள் எந்த இடத்தில் அதற்கு வழிவிடுகின்றன? காவடி எடுப்பவரின் கால் எந்த அடியில் தரையில் விழுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால், உங்களுக்குப் புதிதாக ஒரு கிரூவின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது.

அடுத்து கொம்பாங். மலாய்த் திருமண ஊர்வலத்தில் கேட்டிருப்பீர்கள். எல்லாரும் ஒரே மாதிரி அடிப்பதாகத் தோன்றும். ஆனால் குழு பிரிந்து, ஒருவர் விட்ட இடைவெளியை இன்னொருவர் நிரப்புகிறார். அந்த வேலையைத்தான் டிரம் செட்டில் உங்கள் இரண்டு கைகளும் காலும் செய்ய வேண்டும்.

ஜோகெட் இன்னொரு பொக்கிஷம். இரண்டாக எண்ணினாலும் சரியாக வரும், மூன்றாக எண்ணினாலும் சரியாக வரும். அந்த இழுபறிதான் ஆடத் தூண்டுகிறது. சீனப் புத்தாண்டில் சிங்க நடனத்தைப் பாருங்கள்; மேளம் வாசிப்பவரின் கண் சிங்கத்தின் மேலேயே இருக்கும். சிங்கம் தலையைத் திருப்பினால் அடி மாறும்.

பினாங்கின் பழைய இசை வரலாறு தெரிய வேண்டுமா? கொம்தாரில் 2016-இல் திறக்கப்பட்ட பினாங்கு ஹவுஸ் ஆஃப் மியூசிக் அதற்காகவே அமைந்தது. பி. ரம்லி 1929-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். அவருடைய பாடல்களில் ஜோகெட்டும் லத்தீன் அமெரிக்கத் தாளங்களும் எப்படிக் கலந்திருக்கின்றன என்று டிரம்மர் காதோடு ஒருமுறை கேளுங்கள்.

கைக்கு முன்னால் வாய்

வாயால் சொல்ல முடியாத தாளம் கையில் நிலைக்காது. நம்மிடம் அதற்குத் தயாராக ஒரு மொழி இருக்கிறது. மூன்றுக்கு ‘தகிட’, நான்குக்கு ‘தகதிமி’, ஐந்துக்கு ‘தகதகிட’, ஏழுக்கு ‘தகிட தகதிமி’. கர்நாடக இசையில் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று சொல்வது இவற்றைத்தான்.

நான்கு அடி உள்ள ஒரு பார் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு ‘தகதிமி’. மொத்தம் 16 இடங்கள். கீழே உள்ள பயிற்சிகள் எல்லாம் இந்த 16 இடங்களுக்குள்தான் நடக்கின்றன. மெட்ரோனோம் 60-இலிருந்து 70 போதும். வேகம் இப்போது தேவையில்லை.

ஆறு பயிற்சிகள்

1. ஒரே ஒரு கிக்கை நகர்த்துங்கள்

எல்லாருக்கும் தெரிந்த பீட்டில் தொடங்குங்கள். ஹை-ஹேட் ஒவ்வோர் அடியிலும் ‘த’, ‘தி’ இரண்டிலும். கிக் 1, 3-ஆம் அடிகளில். ஸ்நேர் 2, 4-ஆம் அடிகளில். இப்போது கையை மாற்றாமல் 3-ஆம் அடியின் கிக்கை மட்டும் அதே அடியின் ‘தி’க்குத் தள்ளுங்கள். நான்கு நிமிடம் வாசியுங்கள். பிறகு அதை ‘மி’க்குத் தள்ளுங்கள். ஒரே ஒரு அடி நகர்ந்ததும் பாட்டின் குணமே மாறுவதைக் கேட்பீர்கள்.

2. நான்குக்குள் மூன்றை ஒளியுங்கள்

தகிட, தகிட, தகிட, தகிட, தகதிமி. கூட்டிப் பாருங்கள்: 3+3+3+3+4, சரியாக 16. முதல் நான்கு தகிடவின் ‘த’வில் கிக். அதாவது 1, 4, 7, 10-ஆம் இடங்கள். ஸ்நேர் வழக்கம்போல் 2, 4-ஆம் அடிகளில், அதாவது 5, 13-ஆம் இடங்கள். காலில் மூன்று ஓடுகிறது, கையில் நான்கு ஓடுகிறது. கடைசி தகதிமியின் ‘த’ ஸ்நேரோடு வந்து சேரும்போது இரண்டும் கைகுலுக்கும்.

இது பழகியதும் 5+5+6 முயற்சி செய்யுங்கள்: தகதகிட, தகதகிட, தகதிமிதக. கிக் 1, 6, 11-ஆம் இடங்களில் வரும்.

3. மெல்லிய அடிகள்

ஸ்நேரில் கேட்டும் கேட்காமலும் விழும் அடியை ‘கோஸ்ட் நோட்’ என்பார்கள். வலது கை ஹை-ஹேட்டில் ‘த’, ‘தி’. இடது கை ஸ்நேரில் ‘க’, ‘மி’ இடங்களில் மிக மெதுவாக. குச்சியை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டாம். 2, 4-ஆம் அடிகளின் ‘த’வை மட்டும் இடது கையால் பலமாக அடியுங்கள். அந்தப் பலமான அடிக்கு உடனே அடுத்து வரும் ‘க’வை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள், ஓங்கி அடித்த கையை உடனே அடக்குவது கஷ்டம். கை பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

4. ஒரு நேரத்தில் ஒரே சத்தம்

எந்த இரண்டு சத்தமும் ஒன்றாக விழக்கூடாது. இதை லீனியர் வாசிப்பு என்கிறார்கள். தகிட என்றால் வலது கை ஹை-ஹேட், இடது கை ஸ்நேர், பிறகு கிக். தகதிமி என்றால் வலது, இடது, வலது, கிக். 3+3+3+3+4 கணக்கை இப்படி வாசித்துப் பாருங்கள். மெதுவாகச் செய்தால் கொம்பாங் குழு ஒன்றை நீங்கள் ஒருவரே வாசிப்பது போல் இருக்கும்.

5. ஜோகெட் இழுபறி

இதற்கு மட்டும் 16 வேண்டாம், ஆறு இடங்கள் போதும். ஹை-ஹேட் 1, 3, 5-ஆம் இடங்களில். கிக் 1, 4-ஆம் இடங்களில். கை மூன்று எண்ணுகிறது, கால் இரண்டு எண்ணுகிறது. நிலைத்ததும் 4-ஆம் இடத்துக் கிக்கோடு ஸ்நேரையும் சேருங்கள். கும்மிப் பாட்டின் திஸ்ர நடை காதில் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

6. இடம் மாற்றுங்கள், குறையுங்கள்

மேலே செய்த எந்தக் கிரூவையும் எடுத்து, ஹை-ஹேட்டில் இருந்த கையை ஃப்ளோர் டாமுக்கு மாற்றுங்கள். பிறகு ரைட் சிம்பலின் மணிப் பகுதிக்கு. பிறகு ஸ்நேரின் விளிம்புக்கு. தாளம் அதேதான், ஆனால் கேட்பவருக்கு வேறு பாட்டு. அடுத்த நான்கு பாரில் ஒவ்வொரு பாருக்கும் ஓர் அடியை எடுத்துவிடுங்கள். எதை எடுத்தாலும் கிரூவ் விழாமல் நிற்கிறதோ, அது தேவையில்லாத அடி.

மெட்ரோனோமை நம்பலாம், அதில் சாய்ந்துவிடக் கூடாது

புதிய பீட் யோசிப்பது பாதி வேலை. அதை ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் பிடித்து வைப்பது மீதி. இரண்டு எளிய வழிகள்:

80 வேகத்தில் வாசிக்கப் போகிறீர்களா? மெட்ரோனோமை 40-இல் வையுங்கள். அது எழுப்பும் ஒலியை 2-ஆம், 4-ஆம் அடிகளாக எடுத்துக்கொண்டு, 1-ஐயும் 3-ஐயும் நீங்களே உணர்ந்து வாசியுங்கள். முதல் நாள் தடுமாறும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இரண்டாவது, சில மெட்ரோனோம் செயலிகளில் இரண்டு பார் ஒலித்து இரண்டு பார் மௌனமாகும் வசதி உண்டு. மௌனம் முடிந்து ஒலி திரும்பும்போது நீங்கள் முந்திவிட்டீர்களா, பிந்திவிட்டீர்களா என்று தெரியும். பெரும்பாலான இளம் டிரம்மர்கள் முந்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஃபோனில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போது கேட்பதும் பிறகு கேட்பதும் ஒன்றல்ல.

பிளாட்டில் இருக்கிறேன், எப்படிப் பயிற்சி செய்வது?

நியாயமான கேள்வி. பினாங்குத் தீவில் பாதி டிரம்மர்களின் முதல் எதிரி பக்கத்து வீட்டு ஆண்ட்டிதான். ஆனால் மேலே சொன்ன பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் டிரம் செட்டே தேவையில்லை. ரப்பர் பயிற்சிப் பலகை ஒன்று, தரையில் கால், வாயில் தகதிமி. அவ்வளவுதான். பலகையும் இல்லையென்றால் தலையணை. குச்சி திரும்பி எழும்பாது என்பதால் மணிக்கட்டுக்கு வேலை கூடும், வலித்தால் நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் நண்பர்களோடு பணம் பிரித்து ஜாமிங் ஸ்டூடியோ எடுத்து, பலகையில் செய்ததை அங்கே சோதித்துப் பாருங்கள்.

ஸ்டூடியோவுக்குப் போகும்போது காதடைப்பான் கட்டாயம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி, 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் பலமாக வாசிக்கும் டிரம் செட் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். போன காது திரும்பி வராது.

“அவன் சும்மா உறுமி அடிக்கிறவன்”

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருக்கலாம். கிரேட் 5 முடித்தவர் ‘படித்த’ டிரம்மர், கோயில் திருவிழாவில் நான்கு மணி நேரம் தாளம் விடாமல் வாசிப்பவர் ‘படிக்காத’ ஆள் என்ற எண்ணம் நம் சமூகத்திலும் இருக்கிறது. கிரூவ் என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்தக் கணக்கு தவறு. கூட்டத்தின் நடையைப் பார்த்து வேகத்தைப் பிடித்து வைப்பது, சக வாத்தியக்காரருக்கு இடம் விடுவது, ஒரே தாளத்தைச் சலிப்பில்லாமல் நீண்ட நேரம் வாசிப்பது: டிரம் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுக்க முயலும் பாடங்கள் இவை. உறுமியிலிருந்து டிரம் செட்டுக்கு வரும் ஒருவருக்கு நோட்டேஷன் கற்க ஆறு மாதம் ஆகலாம். எதிர்த்திசையில் போகிறவருக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

அதனால், உறுமிக் குழு ஒன்றிடமிருந்து ஒரு தாளத்தை எடுத்தால், கேட்டு எடுங்கள். சில அடிகள் குறிப்பிட்ட தெய்வத்துக்கும் சடங்குக்கும் உரியவை. அதை எங்கே வாசிக்கலாம், எங்கே கூடாது என்று அவர்களே சொல்வார்கள். மேடையிலோ சமூக ஊடகத்திலோ போடும்போது குழுவின் பெயரையும் போடுங்கள்.

இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல. பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும் காப்புரிமை இருக்கிறது. டிரம் தாளத்துக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. ‘ஃபங்கி டிரம்மர்’ தாளத்தை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பாட்டின் ஆசிரியராக ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் இல்லாததால், 2017-இல் அவர் இறக்கும் வரை அதற்கான பணம் பெரிதாக அவர் கைக்கு வரவில்லை. 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடிகள் ஒரு முழு இசை வகைக்கே அடித்தளமாயின. அவருக்கும் உரிமைத்தொகை கிடைக்கவில்லை. சட்டம் தராததை, குறைந்தபட்சம் பெயர் சொல்லியாவது நாம் தரலாம்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: தினமும் 20 நிமிடம். பயிற்சி 1, 2. கூடவே ஒவ்வொரு நாளும் ஒரு பாட்டை எடுத்து, அதன் கிக் அடிகளை மட்டும் வாயால் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம்: பயிற்சி 3, 4. மெட்ரோனோம் 2, 4-ஆம் அடிகளில் மட்டும்.

மூன்றாம் வாரம்: பயிற்சி 5. உங்கள் ஊர்ச் சத்தம் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். உறுமி, கொம்பாங், ரொட்டி சானாய் கடையில் மாவு தட்டும் ஓசை, எதுவாக இருந்தாலும் சரி. அதை 16 இடங்களுக்குள் எழுதிப் பாருங்கள்.

நான்காம் வாரம்: எழுதியதை டிரம் செட்டுக்கு மாற்றுங்கள். பயிற்சி 6-இன்படி இடம் மாற்றுங்கள், தேவையில்லாததை எடுங்கள். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள்.

அந்தப் பதிவை டிரம்ஸ் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அம்மாவோ தம்பியோ, யாராக இருந்தாலும் சரி. எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அவர்கள் காலை மட்டும் பாருங்கள். கால் ஆடினால் அடுத்த கிரூவுக்குப் போகலாம். ஆடாவிட்டால் இன்னோர் அடியைக் குறைத்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள்.